குழாயடியில் நாலாவது குரல்

நடந்த கதை இது. நடந்ததா, கட்டிவிட்டதா என்று கேட்கிறவர்களோடு எனக்கு வழக்கு கிடையாது. செந்தாமரை இன்றும் மேற்குத் தாம்பரத்தில்தான் இருக்கிறாள். ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால், "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிற ரகம். அவள் தன் வாயால் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். சொல்லும்போது அவள் நடுநடுவே நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரிக் கதை இல்லை. இதில் சுடுகாடும் இல்லை, புளியமரமும் இல்லை. எல்லாமே சாயங்காலம் நாலு மணிக்கு, டியூப் லைட் எரிகிற கட்டிடத்தில், வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் நடமாடுகிற இடத்தில் நடந்தது. எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. ராத்திரி என்றால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். இங்கே விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அது 1991. ஒரகடம் பக்கம் அப்போது திரும்பிய இடமெல்லாம் கம்பெனி கிடையாது. ஏரியும் வயலும் வேலிக்காத்தானுமாக இருக்கும். நடுவே ஒன்றிரண்டு ஃபேக்டரிக் கூரை தெரியும். ஒரு பெயிண்ட் கம்பெனி தன் ஆராய்ச்சிக் கூடத்தை மெட்ராஸ் நெரிசலிலிருந்து கிளப்பி, படப்பை தாண்டிப் புதிதாகக் கட்டிய கட்டிடத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே செந்தாமரைதான் சீனியர். அவளுக்கு மேலே மேனேஜர் வெங்கடேசன் ஒருவர் மட்டும்தான். அவரும் ரிட்டயர் ஆகிற வயதில் இருந்தார்.

கட்டிடம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரு நீள வராந்தா. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு அறை. வராந்தாவின் நடுவில் ஒரு அறைக்கு மட்டும் கதவு கிடையாது. உள்ளே போனால் நீளமாக ஒரு சிமெண்ட் தொட்டி, அதன் மேல் வரிசையாகக் குழாய்கள். ஜன்னல் இல்லை, உச்சியில் கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துவாரம். போகவும் வரவும் ஒரே வழி. அங்கேதான் எல்லோரும் பீக்கர் கழுவ வேண்டும்.

பெயிண்ட் லேபில் ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பீக்கரை அவரவரே கழுவ வேண்டும். ஆள் வைத்துக் கழுவினால் எங்காவது ஒரு பொட்டுப் பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் சோதனை கெட்டுப்போகும். முதலில் பெயிண்டைக் கரைக்கிற தின்னர், அப்புறம் சோப்பு, அப்புறம் தண்ணீர். நாலு மணிக்கு ஆரம்பித்தால் டீ வருகிறவரை ஓடும். கை வேலையாக இருக்கும், வாய் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

வெங்கடேசன் வேண்டுமென்றேதான் அப்படிக் கட்டச் சொல்லியிருந்தார்.

"ரூமுக்கு ஒரு சிங்க் வச்சா அவங்கவங்க கதவைச் சாத்திக்கிட்டு கழுவுவாங்க மேடம். பக்கத்துல நின்னு கழுவுனாத்தான் பேச்சு வரும். மீட்டிங்ல எவன் மனசு விட்டுப் பேசுறான்?" என்றார்.

செந்தாமரைக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்குப் பதினாலு வருஷ சர்வீஸ் சார். நேத்து வந்த பொண்ணுங்களோட குழாயடியில நிக்கச் சொல்றீங்களா?"

பத்து நாள் முறைத்துக்கொண்டு திரிந்தாள். கடைசியில் வராந்தாக் கோடியில் இருந்த அவள் அறையில் மட்டும் தனி சிங்க் வந்தது, தனிக் கதவோடு. அவள் சொன்ன 'குழாயடி' என்ற பெயர் மட்டும் நடு அறைக்கு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்த சிங்க் கிடைத்த அன்று செந்தாமரை ராணி மாதிரி நடந்தாள். பாவம், தன் காலைத் தானே வெட்டிக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. எந்தப் புது யோசனையும் குழாயடியில்தான் முளைத்தது. எந்தக் கலவை திரிந்துபோனது, எந்தச் சரக்கு மட்டம், யாருக்கு என்ன முடை... எல்லாம் அங்கேதான். அவள் அறைக்குக் காகிதம் வந்தது, மனிதர்கள் வரவில்லை. குழாயடியில் மூன்று பேர் தவறாமல் நிற்பார்கள். பாண்டுரங்கன், டெஸ்டிங் பார்க்கிறவர், நல்ல மனுஷர். பிரசன்னா, புதுப் பையன். மூன்றாவது ஷெர்லின்.

ஷெர்லின் வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஆனால் வெங்கடேசனே, "ஷெர்லினைக் கேளுங்க" என்று சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள். தீபாவளிக்குள் டெபுடி மேனேஜர் யார் என்று அவர் முடிவு செய்ய வேண்டும். பதினாலு வருஷமாகச் செந்தாமரை காத்திருந்த நாற்காலி அது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு வராந்தாவில் போகும்போதெல்லாம் செந்தாமரைக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் தயாராக இல்லை. அவளும் என்னிடம் வைக்கவில்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் நாலு மணிக்குச் செந்தாமரை தனியாகப் பீக்கர் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடியதும் சிங்கின் ஓட்டைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பாண்டுரங்கனின் சிரிப்பு. அவளுக்குப் புரிந்துவிட்டது. குழாயடித் தொட்டிக்கும் இந்த சிங்குக்கும் ஒரே கழிவுக் குழாய். அங்கே பேசுவது இங்கே ஏறி வருகிறது.

அன்றிலிருந்து நம் டாக்டர் அம்மாள் தினமும் நாலு மணிக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சிங்கில் காதை வைத்துக் குனிந்து நிற்க ஆரம்பித்தாள். வெட்கமாக இல்லையா என்றால், இருந்தது. இருந்தும் நின்றாள்.

அப்படி நின்ற மூன்றாம் நாளோ நாலாம் நாளோதான் கவனித்தாள். குரல்கள் மூன்று இல்லை. நாலு.

நாலாவது ஒரு பெண் குரல். ஷெர்லினுடையது இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கனம். அதிகம் பேசாது. ஆனால் பேச ஆரம்பித்தால் மற்ற மூவரும் கப்சிப். "ஓ..." என்பார்கள். "சரிதான் மேடம்" என்பார்கள். சிரிக்கும்போது தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் முடியும். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி சிரித்துச் செந்தாமரை கேட்டதில்லை. யார் இவள்? தலைமை ஆபீஸிலிருந்து வருகிறாளா? தன்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஷெர்லின் மேல் இருந்த எரிச்சலெல்லாம் இப்போது அந்தக் குரல் மேல் திரும்பியது. அடுத்த நாள் பாண்டுரங்கனை வராந்தாவில் மடக்கினாள்.

"நாலு மணிக்குக் குழாயடியில யார் யார் இருக்கீங்க?"

அவர் முழித்தார். பிறகு சிரித்தார். "இன்னா மேடம், டெஸ்ட் வைக்கிறீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட்டுக் களவாணிகள், எல்லோருமாகச் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று செந்தாமரை பல்லைக் கடித்தாள்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. மழைக்காலத்தில் பஸ்ஸுக்கு அடிக்கிற லேக்கர் பெயிண்ட் காய்ந்ததும் புகை படிந்ததுபோல் வெளுத்துவிடும். அதற்கு வழி கண்டுபிடிப்பதுதான் அன்று எல்லோருக்கும் தலைவலி. செந்தாமரைக்கு ஞாயிற்றுக்கிழமை துணி காயப் போடும்போது ஒரு யோசனை வந்தது. தின்னர் வேகமாகக் காய்வதால்தான் மேல்பரப்பு குளிர்ந்து ஈரம் பிடிக்கிறது. மெதுவாகக் காய்கிற ஒன்றைக் கொஞ்சம் சேர்த்தால் போதும். யாரிடமும் சொல்லவில்லை. கணவனிடம்கூடச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மீட்டிங்கில் சொல்லி எல்லோரையும் வாயடைக்க வைக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை மீட்டிங்கில் ஷெர்லின் எழுந்து அதையே சொன்னாள். துணி காய்கிற உதாரணத்தைக்கூட விடாமல் சொன்னாள்.

வெளியே வந்ததும் செந்தாமரை அவளைப் பிடித்தாள். "இது உனக்கு எங்கேயிருந்து கிடைச்சது?"

ஷெர்லின் கண்ணைச் சிமிட்டினாள். "குழாயடியிலதான் மேடம். வேற எங்க? நீங்களே சொல்லியிருக்கலாமே, நான்தான் சொல்லணும்னு ஏன் விட்டீங்க?"

திமிரைப் பார்த்தீர்களா என்றுதான் செந்தாமரைக்குத் தோன்றியது. திருடியதும் இல்லாமல் கேலி வேறு. அந்தப் பெண்ணின் முகத்தில் கேலியே இல்லை என்பது பல நாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

அன்று நாலு மணிக்கு அவள் சிங்கில் காது வைக்கவில்லை. நேரே வராந்தாவில் நடந்தாள். இன்று அந்தக் குரலைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு. தூரத்தில் வரும்போதே அந்தச் சிரிப்பு கேட்டது... தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் முடிகிற சிரிப்பு. வேகமாகப் போய்த் திரும்பினாள்.

மூன்று பேர்தான்.

நாலாவது குழாய் திறந்திருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே சோப்பு நுரையோடு ஒரு பீக்கர். ஷெர்லின் அதை அலசி நீட்டினாள்.

"இதை விட்டுட்டுப் போயிட்டீங்க மேடம்."

வாங்கிப் பார்த்தாள். அவளுடையதுதான். அடியில் அவள் கீறி வைத்த அடையாளம் இருந்தது. தன் அறைக்குள் புகுந்து இதை யார் எடுத்து வந்தார்கள்? பீக்கரோடு திரும்பி வந்தாள். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள்... கோட்டின் இரண்டு கையும் முழங்கைவரை நனைந்திருந்தன. விரல் நுனிகள் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தன. அவள் அன்று குழாயைத் தொடவே இல்லை. பீக்கரின் ஈரம்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு பீக்கரில் எவ்வளவு ஈரம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் மறுபடி காது வைத்தாள்.

நாலாவது குரல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. "காலையில எங்க வீட்டுக்காரர் கண்ணாடியைக் காணோம்னு வீட்டையே புரட்டிப் போட்டுட்டாரு. என் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அவர் கண்ணாடியத் தேடறாரு! பஸ் போயிடுச்சு..."

பிரசன்னா விழுந்து விழுந்து சிரித்தான்.

செந்தாமரை நிமிர்ந்தாள். காலையில் அவள் வீட்டில் நடந்தது அது. அவள் கணவன் சுப்பிரமணி. அவள் கண்ணாடி. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவர் பாங்க் போகிறவர், இந்தப் பக்கமே வந்தது கிடையாது.

அப்போதாவது பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது. என் வீட்டுச் சிரிப்பைக்கூட எவளோ ஒருத்தி எடுத்துப் போய் அவர்களுக்குக் கொடுக்கிறாள், அவர்கள் அவளோடு சிரிக்கிறார்கள், என்னோடு சிரிக்க ஒரு நாதி இல்லை... இப்படித்தான் அவள் புத்தி போயிற்று. பொறாமை பிடித்தவர்களுக்குப் பயம்கூட வரிசையில் பின்னாடிதான் நிற்கும்போல.

குழாயடியை ஒழிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். அடுத்த வாரம் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு டைரக்டர் வந்தார். செந்தாமரை அவரிடம் பவ்யமாக ஒரு வார்த்தை போட்டாள். "இத்தனை தின்னரும் ஒரே இடத்துல கொட்டுது சார். வெளியே ஓடை, ஓடை போய்ச் சேர்றது செம்பரம்பாக்கம் ஏரி. மெட்ராஸே குடிக்கிற தண்ணி. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா..."

அவருக்கு அது போதும். ரூமுக்கு ஒரு சின்ன சிங்க், கழிவுக்குத் தனி டேங்க், அந்த இடத்தை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். வெங்கடேசன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

சேரப்பணஞ்சேரியிலிருந்து கன்னியப்பன் என்கிற கொத்தனார் வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அறைகளுக்கு சிங்க் வைத்துவிட்டார். சனிக்கிழமை, லேபுக்கு விடுமுறை. தொட்டிப் பக்கத்துக் கழிவுக் குழாயில் சிமெண்டை அடைத்துவிட்டு, குழாயடி வாசலைச் செங்கல் வைத்து மூடினார். அன்று செந்தாமரை கணவனோடு தாம்பரம் மார்க்கெட்டில் தீபாவளிப் புடவை எடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல அரக்குக் கலர். மனசு லேசாக இருந்தது என்றாள்.

திங்கட்கிழமை. மழை. நாலு மணிக்கே வராந்தா இருட்டிக் கிடந்தது. டியூப் லைட் விட்டு விட்டு எரிந்தது. எல்லா அறைக் கதவுகளும் சாத்தியிருந்தன. ஆளாளுக்குக் கதவுக்குப் பின்னால் பீக்கர் கழுவுகிற சத்தம் மட்டும். பேச்சே இல்லை.

செந்தாமரை தன் சிங்கின் முன்னால் நின்று ஒரு நிமிஷம் அந்த அமைதியை ரசித்தாள்.

குழாயை மூடினாள்.

சொட்... சொட்...

"பாண்டுரங்கன்?"

அந்தக் குரல்.

சிங்கின் ஓட்டைக்குள்ளிருந்து.

"பிரசன்னா... எங்க போனீங்க எல்லாரும்?"

மற்ற மூவரின் குரலும் இல்லை. இது மட்டும். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம். குழாயடிக்குப் போகிற தண்ணீரைச் சனிக்கிழமையே நிறுத்தியாயிற்று.

"ஷெர்லின்... மணி நாலு ஆச்சும்மா..."

செந்தாமரை மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான் செய்தாள். சின்ன சத்தம்.

அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது.

"அங்க யாரு?" என்றது குரல். "யாரு ஒளிஞ்சு நின்னு கேக்கறது?"

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். பஸ்ஸில் போய் உட்காரும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் நான் சொன்னேனே, படித்தவள். இரவெல்லாம் யோசித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள். வெளியாள் ஒருத்தியை ஷெர்லின் உள்ளே விட்டிருக்கிறாள். கம்பெனி ரகசியமெல்லாம் அவளிடம் போகிறது. இதை நிரூபித்துவிட்டால் ஷெர்லின் கதை முடிந்தது, நாற்காலி தனக்குத்தான். பயத்தை அப்படிப் புரட்டிப் போட்டதும் அவளுக்குத் தைரியமே வந்துவிட்டது. மறுநாள் கணவனின் சின்ன டேப் ரெக்கார்டரைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். நாலு மணிக்கு அதை சிங்க் ஓரமாக வைத்து, பட்டனை அமுக்கிவிட்டு, கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

டீ மணி அடித்ததும் உள்ளே போய் எடுத்தாள். ஓட்டிப் பார்த்தாள். இருந்தது. அந்தக் குரல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

நேராக வெங்கடேசன் அறைக்குப் போனாள். "சார், இதைக் கேளுங்க. யாரோ வெளியாள். குழாயடியில தினமும் இவ குரல்தான். மூடின பிறகும் உள்ளே இருக்கா."

வெங்கடேசன் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டார். நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா மேடம்?"

"ஏன் சார்?"

"இது உங்க குரல்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "என் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரியாது மேடம். எவனுக்குமே தெரியாது. என் குரலை டேப்புல கேட்டா எனக்கே எவனோ மாதிரிதான் இருக்கும்." அவர் மெதுவாகப் பேசினார். "இது நீங்கதான். யாரை வேணா கேளுங்க."

கேட்டாள். வராந்தாவில் போன ஷெர்லினைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். இரண்டு வார்த்தைகூட ஓடவில்லை.

"நீங்கதான் மேடம்," என்றாள் ஷெர்லின். அவள் கண் கலங்கியிருந்தது. "எங்களைத்தான் கூப்பிடறீங்க."

"நான் குழாயடிக்கு வந்ததே இல்லையே..."

"என்ன மேடம் இது? தெனமும் நாலு மணிக்கு எங்க கூடத்தானே நின்னீங்க? அந்த லேக்கர் ஐடியாவே நீங்க சொன்னதுதானே? மீட்டிங்ல உங்க பேரைச் சொல்ல வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. குழாயடியில அவ்ளோ பேசுவீங்க. வெளியில பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்குவீங்க. மேடம் அப்படித்தான், ஆபீஸ்னா ஸ்ட்ரிக்ட்டுனு நாங்க பேசிக்குவோம்."

வெங்கடேசன் ஷெர்லினை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டெபுடிக்கு உங்க பேரைத்தான் எழுதி வச்சிருந்தேன்," என்றார். "சீனியர்ங்கறதுக்காக இல்ல. சின்னப் பசங்க பக்கத்துல நின்னு, சோப்புக் கையோட அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்களே, அதைப் பார்த்துட்டுத்தான். நானே ரெண்டு மூணு தடவை வாசல்ல நின்னு பார்த்தேன். அப்புறம் அதை மூடச் சொன்னதே நீங்கதான்னு டைரக்டர் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல மேடம்."

செந்தாமரை டேப் ரெக்கார்டரை எடுத்துப் பையில் போட்டாள். அவ்வளவு நாளாக அவள் வயிறெரிந்தது யார் மேல் என்று இப்போது தெரிந்துவிட்டது. எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கெட்டிக்காரி, அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்த அந்தப் பெண்... அவளைத்தான் மூடச் சொல்லியிருக்கிறாள்.

வெளியே வந்தாள்.

வராந்தாக் கோடியில் கன்னியப்பன் மழையில் பெயர்ந்த பூச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மேடம், அன்னிக்கு நல்லபடியா வூட்டுக்குப் பூட்டீங்களா?"

"என்னிக்கு?"

"சனிக்கெழம. செவுரு வைக்கசொல்ல."

"நான் அன்னிக்கு லீவு..."

கன்னியப்பன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா மேடம் சொல்றீங்க? நான் இடுப்பு ஒசரம் கட்டினப்போ நீங்க உள்ளதானே நின்னுகினு இருந்தீங்க. வெள்ளைக் கோட்டு போட்டுகினு. வெளிய வாங்க மேடம்னு எத்தினி வாட்டி கூப்ட்டேன்."

மழை கூரையில் இரைந்தது.

"அப்புறம்?"

"கலவை எடுத்தாரப் போனேன். வந்து பார்த்தா உள்ள இருட்டு, ஒண்ணும் தெரியல. தாண்டிக் குதிச்சுப் பூட்டீங்கன்னு நெனச்சுகினு மூடிட்டேன்."

"நான் வெளியே வந்ததை யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல மேடம். கேட்டாண்ட வாச்மேனும் பாக்கலன்னான். அதான் கேட்டேன்."

செந்தாமரை மூடிய வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான்... ஏதாவது சொன்னேனா?"

அவர் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிய வாங்கன்னு கூப்ட்டதுக்கு, 'நான் வெளிய வந்தா அவளுக்குப் பிடிக்காதுப்பா, நீ மூடு'ன்னீங்க. யாருக்கு மேடம்னு கேட்டேன். நீங்க பதில் சொல்லல. அந்தாண்ட திரும்பி நின்னுகினு பீக்கர் கழுவ ஆரம்பிச்சிட்டீங்க."